பதினைந்து நாள் ஞாபகம்

ஒரு கல்லூரியின் தேர்வு முடிவுத் தளத்தை நாங்கள் பராமரிக்கிறோம். வருடம் முழுக்க அந்த சர்வர்கள் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். செமஸ்டர் முடிவு வெளியாகும் இரண்டு நாட்களில் மட்டும் கூட்டம் முண்டியடிக்கும். சென்ற முறை, முடிவு வெளியாவதற்கு நான்கு நாள் முன்பு, குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் என் மேசைக்கு வந்தார்.

“சார், போன ரிசல்ட் அன்னைக்கு எவ்வளவு லோடு வந்துச்சுன்னு தெரிஞ்சா, இந்தத் தடவை எத்தனை சர்வர் எடுக்கணும்னு கணக்குப் போட்டுடலாம்.”

“கிராஃபனாவுல ஆறு மாசம்னு போட்டுப் பாருப்பா. எல்லாம் இருக்கும்.”

வரைபடம் காட்டும் அந்தக் கருவியில் போட்டார். திரை முழுக்க வெறுமை. வலது ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சைக் கோடு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. தேதியை எண்ணிப் பார்த்தோம். சரியாகப் பதினைந்து நாள்.

“அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல சார்.”

நாங்கள் பயன்படுத்துவது ப்ரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்து, இன்று உலகெங்கும் சர்வர்களுக்கு நாடி பார்த்துக்கொண்டிருப்பது. எத்தனை நாள் தரவை வைத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அது 15 நாள் வைத்திருக்கும், அப்புறம் அழித்துவிடும். இந்த நிமிடம் என்ன நடக்கிறது என்று சொல்வதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. நெடுநாள் சேமிப்பு வேண்டுமென்றால் தரவை வெளியே அனுப்புவதற்கான வழியையும் அதில் வைத்திருக்கிறார்கள். நாங்கள்தான் அந்தப் பக்கம் போகவே இல்லை. பதினைந்து நாள் போதும் என்று எங்களில் யாரும் முடிவு செய்யவில்லை. யாரும் எதையும் முடிவு செய்யாததால் அது பதினைந்து நாளாக இருந்தது.

குத்துமதிப்பாக நான்கு சர்வர் எடுத்தோம். முடிவு வெளியான முதல் இருபது நிமிடம் தளம் திணறியது. பிறகுதான் தெரிந்தது, நெரிசல் அந்த நான்கு சர்வர்களில் இல்லை. பின்னால் இருந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருந்தது. நாம் மாற்றாவிட்டால் அது ஒரே நேரத்தில் 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். முன்பக்கம் சர்வர்களைக் கூட்டக் கூட்ட, அத்தனையும் அந்த ஒரே வாசலில் போய் முட்டின. முந்தைய முறையும் இப்படித்தான் ஆனது என்று ஒருவருக்கு மங்கலாக நினைவு வந்தது. அன்றைய வரைபடம் கையில் இருந்திருந்தால், 100இல் தட்டையாகப் போய் நின்ற கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரிந்திருக்கும். மொபைலை வைத்துக்கொண்டு தன் மதிப்பெண்ணுக்காகத் திரையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் மனம் சங்கடப்படுகிறது.

அந்த வரைபடங்களுக்காக சர்வர் தன்னைப் பற்றிச் சொல்லும் எண்கள் பெரும்பாலும் இரண்டு வகை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது போல ஏறி இறங்குபவை ஒரு வகை: காலியாக இருக்கும் நினைவகம், டிஸ்கில் மீதியிருக்கும் இடம், திறந்திருக்கும் இணைப்புகள். இன்னொரு வகை ஏறிக்கொண்டே மட்டும் இருக்கும்: இதுவரை வந்த கோரிக்கைகள், இதுவரை அனுப்பிய பைட்டுகள். இதற்கு வீட்டு மின் மீட்டரைவிட நல்ல உதாரணம் கிடையாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருவார்கள். ஒருமுறை வராமல் போனாலும் ஓடிய யூனிட் தொலைந்துபோவதில்லை. அடுத்த முறை வந்து கழித்துப் பார்த்தால் நான்கு மாத மொத்தம் கிடைத்துவிடும். ஆனால் அதில் முதல் இரண்டு மாதத்துக்கு எவ்வளவு, அடுத்த இரண்டு மாதத்துக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. புது மீட்டர் மாட்டினால் எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கும். பழைய எண்ணிலிருந்து அப்படியே கழித்தால் கணக்கு கந்தலாகிவிடும். சர்வரில் ஒரு நிரலை நிறுத்தி மறுபடி தொடங்கும்போதும் இதேதான் நடக்கிறது. அதனால் வெளியே அனுப்பும்போது மீட்டர் எண்ணை அப்படியே அனுப்புவதுதான் பத்திரம். வேகத்தைப் பிறகு கணக்கிட்டுக்கொள்ளலாம். வேகத்தை மட்டும் அனுப்பிவிட்டு, நடுவில் ஒன்று தவறிவிட்டால், அது தவறியதுதான்.

எல்லாவற்றையும் எப்போதைக்கும் வைத்துக்கொண்டால் என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சர்வரில் ஆயிரம் அளவுகள் என்று வைத்துக்கொள்வோம். 15 நொடிக்கு ஒருமுறை எடுத்தால் ஓர் அளவுக்கு நாளொன்றுக்கு 5,760 எண்கள். ஆயிரம் அளவுக்கு 57.6 லட்சம். நூறு சர்வர் என்றால் 57.6 கோடி. நேரத்துக்கு 8 பைட், மதிப்புக்கு 8 பைட் என்று ஒவ்வொன்றையும் 16 பைட்டில் எழுதினால் நாளுக்கு 9.2 ஜிபி, வருடத்துக்கு 3.3 டிபிக்கு மேல். நூறு சர்வர் என்பது பெரிய எண்ணிக்கையும் இல்லை.

முதல் தலைமுறைக் கருவிகள் இதற்குக் கண்ட வழி வட்டம். 1990களின் நடுவில் தோபியாஸ் ஓட்டிகர் என்பவர், வெளி உலகத்துக்கு ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பு இருந்த இடத்தில் வேலை பார்த்தார். அந்தக் குறுகிய குழாயில் எவ்வளவு ஓடுகிறது என்று எல்லோருக்கும் காட்ட எம்.ஆர்.டி.ஜி. என்ற கருவியை எழுதினார். அதன் தொடர்ச்சியாக வந்தது ஆர்.ஆர்.டி.டூல். அதில் கோப்பின் அளவு தொடங்கும்போதே தீர்மானிக்கப்பட்டுவிடும். எத்தனை வருடம் ஓடினாலும் ஒரு பைட்கூட அதிகரிக்காது. புதிய எண் வந்தால் வட்டத்தில் மிகப் பழைய எண்ணின் மேல் எழுதிவிடும். பழையதை முழுக்க இழக்காமல் இருக்க, ஐந்து நிமிட எண்களை அரை மணிக்கு ஒன்றாக, இரண்டு மணிக்கு ஒன்றாக, நாளுக்கு ஒன்றாகச் சுருக்கித் தனித்தனி வட்டங்களிலும் எழுதிவைக்கும். ஹார்ட் டிஸ்க் விலை அதிகமாக இருந்த காலத்தில் இது ஒரு பெரிய விடுதலை. டிஸ்க் நிரம்பிக் கண்காணிப்புக் கருவியே படுத்துவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்த பெரிய தாவல் கணிதத்தில் வந்தது. 2015இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் கொரில்லா என்ற தங்கள் டேட்டாபேஸைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 16 பைட் எண்ணை அவர்கள் சராசரியாக 1.37 பைட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஓர் எண்ணைக்கூட இழக்காமல். இதைச் செய்த விதம் மிக அழகானது.

நம் பழைய கணக்கேடுகளில் ‘மேற்படி’ என்பதற்கு ௸ என்று ஒரு குறி உண்டு. மேல் வரியில் உள்ளதே கீழேயும் வந்தால் முழுப்பெயரையும் திரும்ப எழுதாமல் அந்தக் குறியைப் போட்டுவிட்டுப் போவார் கணக்குப்பிள்ளை. கொரில்லா செய்வதும் அதுவே. அளவுகள் 10:00:00, 10:00:15, 10:00:30 என்று வருகின்றன. நேரத்தை எழுத வேண்டாம். இடைவெளி 15, 15 என்று எழுதலாம். இடைவெளியையும் எழுத வேண்டாம். இடைவெளி மாறியதா இல்லையா என்று மட்டும் எழுதினால் போதும். மாறவில்லை என்றால் ஒரே ஒரு பிட், சுழியம். 64 பிட் நேரம் ஒரு பிட்டில் அடங்கிவிட்டது. ஃபேஸ்புக்கின் தரவில் 96 சதவீத நேரக்குறிகள் இப்படி அடங்கின.

மதிப்புக்கும் இதே மாதிரி ஒரு வழி. முந்தைய எண்ணையும் இப்போதைய எண்ணையும் பிட் பிட்டாக ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். ஒத்துப்போகும் இடத்தில் 0, மாறுபடும் இடத்தில் 1. இரண்டும் ஒரே எண் என்றால் எல்லாமே 0. ஒரு பிட்டில் ‘மேற்படி’ என்று எழுதிவிடலாம். அவர்கள் தரவில் பாதிக்குச் சற்று மேற்பட்ட மதிப்புகள் முந்தையதை அப்படியே ஒத்திருந்தன. சற்றே மாறியிருந்தால் மாறிய நடுப்பகுதியை மட்டும் எழுதினால் போதும். சர்வர்கள் பெரும்பாலான நேரம் நேற்றைப் போலவே, ஒரு நிமிடம் முன்பு இருந்ததைப் போலவே இருக்கின்றன என்ற எளிய உண்மையிலிருந்து எடுத்த லாபம் இது. இன்றைய ப்ரோமிதியஸும் இந்த வழியில்தான் போகிறது. ஓர் எண்ணுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பைட். 1.37 என்றே வைத்தால் மேலே சொன்ன 3.3 டிபி, 290 ஜிபிக்குள் வந்துவிடும். நூறு சர்வர்களின் ஒரு வருட வரலாறு ஒரு சாதாரண எஸ்.எஸ்.டி.யில் அடங்கும். இடமில்லை என்ற சாக்கு இனி செல்லாது.

அப்படியானால் அதே கணினியிலேயே வைத்துக்கொள்ளலாமே, எதற்கு வெளி டேட்டாபேஸ் என்று கேட்கலாம்.

2009 ஜூன் 1ஆம் தேதி அதிகாலை, ரியோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஏர் ஃபிரான்ஸ் 447 விமானம் 228 பேருடன் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. என்ன நடந்தது என்று சொல்ல வேண்டிய கறுப்புப் பெட்டிகள் விமானத்தோடு ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டன. அவற்றை மேலே கொண்டுவர 2011 மே மாதம் வரை ஆனது. ஆனால் விழுவதற்குச் சற்று முன்பு, ஐந்து நிமிடத்துக்குள், விமானத்தின் கணினி பராமரிப்புப் பிரிவுக்கு 24 தானியங்கிச் செய்திகளை சாட்டிலைட் வழியாக அனுப்பியிருந்தது. வேகத்தை அளக்கும் கருவிகள் ஒன்றுக்கொன்று முரணாகக் காட்டின என்ற முதல் தடயம் அந்தச் செய்திகளிலிருந்துதான் கிடைத்தது. கறுப்புப் பெட்டியில் இருந்தது முழு விவரம். வெளியே வந்து சேர்ந்தது மிகக் கொஞ்சம். இரண்டு வருடமாக அந்தக் கொஞ்சம்தான் கையில் இருந்தது.

சர்வர் சாகும்போது அதைப் பற்றிய பதிவு அதற்குள்ளேயே இருந்தால், நமக்கு மிகவும் தேவைப்படும் கடைசி ஐந்து நிமிடம் முதலில் போய்விடும். இடம் தனியாக இருந்தால் மட்டும் போதாது, கட்டடமும் தனியாக இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்து சாம்பலானபோது, நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

வெளியே அனுப்புவது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ப்ரோமிதியஸுக்கு எந்த எண் வந்தாலும், அது முதலில் டிஸ்கில் ஒரு பேரேட்டில் வரிசையாக எழுதிவைக்கும். மின்சாரம் போனாலும் மறக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. ரிமோட் ரைட் எனும் பகுதி அந்தப் பேரேட்டைப் பின்தொடர்ந்து படித்து, எண்களைக் கட்டுக் கட்டாகச் சுருக்கி வெளி டேட்டாபேஸுக்கு அனுப்பும். அந்தப் பக்கம் பதில் இல்லை என்றால் காத்திருந்து மறுபடி முயலும். ஆனால் பேரேட்டின் பழைய பக்கங்கள் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிக்கப்படும். வெளி டேட்டாபேஸ் அதற்கு மேலும் எழுந்திருக்கவில்லை என்றால், அனுப்பப்படாமல் நின்ற எண்கள் அங்கே போய்ச் சேராது. நெட்டேட்டா என்ற இன்னொரு கருவியில் இந்தப் பொறுமை இன்னும் குறைவு. அது நொடிக்கு ஒருமுறை அளக்கும். வெளியே அனுப்புவது, நாம் மாற்றாதவரை, பத்து நொடிக்கு ஒருமுறை. அந்தப் பக்கம் எடுக்காவிட்டால் பத்துத் தவணை வரை கையில் வைத்திருக்கும். அதாவது நூறு நொடி. ஒரு டேட்டாபேஸை அப்டேட் செய்து மறுபடி தொடங்க நூறு நொடிக்கு மேல் ஆகும் இடங்கள் நிறைய. அந்த எண்ணைக் கூட்டிவைக்க ஒரு வரி போதும், ஆனால் அப்படி ஒரு வரி இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

இப்படி விடுபட்ட இடத்தைச் சில டேட்டாபேஸ்களும் சில வரைபடங்களும் சுழியம் என்று நிரப்பிவிடுகின்றன. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். யாரும் வரவில்லை என்பதும், வந்தார்களா என்று தெரியவில்லை என்பதும் ஒன்றாகாது. கோட்டில் ஓட்டை இருந்தால் ஓட்டையாகவே தெரியட்டும்.

பழைய தரவைச் சுருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் அதிக அக்கறை. இடம் இப்போது மலிவு என்றாலும், இரண்டு வருட வரைபடத்தை 15 நொடி எண்களிலிருந்து வரையச் சொன்னால் டேட்டாபேஸ் மூச்சு வாங்கும். ஓர் அளவுக்கு 42 லட்சம் புள்ளிகள். திரையின் அகலமோ இரண்டாயிரம் புள்ளி. அதனால் பழையதைச் சுருக்கியே ஆக வேண்டும். எப்படிச் சுருக்குவது? பெரும்பாலோர் முதலில் எடுப்பது சராசரியை. எங்கள் ரிசல்ட் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடம் 100 இணைப்பும் நிரம்பி வழிந்தது. மற்ற 1,420 நிமிடம் நான்கு இணைப்பு என்று வைத்துக்கொண்டால், அன்றைய சராசரி 5.3. ஒரு வருடம் கழித்து அந்த எண்ணைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? நூறில் ஐந்துதான் பயன்பட்டிருக்கிறது, இன்னும் சின்ன சர்வராக எடுத்துச் செலவைக் குறைக்கலாம் என்றுதானே? தரவு இல்லாமல் குத்துமதிப்பாகப் போனவனாவது பயந்து கொஞ்சம் கூட்டி வைப்பான். சராசரியை நம்பியவன் துணிந்து குறைப்பான்.

அதனால் சுருக்கும்போது பெருமத்தைக் கூடவே வைக்க வேண்டும். ப்ரோமிதியஸ் தரவை நெடுநாள் வைப்பதற்காக எழுதப்பட்ட தானோஸ் என்ற மென்பொருள் இதை நன்றாகச் செய்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று என்று சுருக்கும் ஒவ்வோர் இடத்திலும் எண்ணிக்கை, கூட்டுத்தொகை, சிறுமம், பெருமம், மீட்டர் மதிப்பு என ஐந்தைச் சேர்த்து வைக்கிறது. சராசரி வேண்டுமென்றால் கூட்டுத்தொகையை எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளலாம். உச்சம் வேண்டுமென்றால் உச்சமும் இருக்கிறது. மூலத் தரவை நாமாகக் கழிக்காதவரை அதையும் வைத்திருக்கும். இந்தச் சுருக்கம் இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக வந்ததே இல்லை, நெடுங்கால வரைபடம் சட்டென்று விரிவதற்காக வந்தது என்று அதன் ஆவணமே சொல்கிறது.

நேர எல்லையிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த டேட்டாபேஸ்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கின்றன. அவற்றைப் பொறுத்தவரை ஒரு நாள் என்பது நமக்குக் காலை 5:30க்குத் தொடங்குகிறது. அதிகாலை ஐந்து மணிக்கு ஓடும் பேக்கப் வேலை முந்தைய நாளின் கணக்கில் ஏறிவிடும். மூலத் தரவு இருக்கும்வரை இது தொல்லை தராது. நாளுக்கு ஓர் எண்ணாகச் சுருக்கி மூலத்தை அழித்த பிறகு அந்த ஐந்தரை மணி நேரத்தைத் திருத்தவே முடியாது. மணிக்கு ஒன்றாகச் சுருக்கினாலும் நமக்கு அரை மணி இடிக்கும். அதனால் இந்தியாவில் இருந்துகொண்டு நெடுநாள் தரவு வைப்பவர்கள் அரை மணிக்குக் கீழேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

எதை அனுப்பக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் அளவோடும் லேபிள் ஒட்டலாம்: எந்த சர்வர், எந்தப் பக்கம், என்ன பதில். ஆர்வத்தில் ஒருவர் மாணவரின் பதிவு எண்ணையும் லேபிளாகச் சேர்த்தார் என்றால், பத்தாயிரம் மாணவருக்குப் பத்தாயிரம் தனித்தனி வரிசைகள் உருவாகிவிடும். ‘மேற்படி’க் கணக்கு அங்கே எடுபடாது, ஏனென்றால் ஒவ்வொரு வரிசையிலும் இருப்பதே ஒன்றிரண்டு எண்கள்தான். டேட்டாபேஸ் நினைவகம் போதாமல் விழும். அதைவிட முக்கியம், எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு எத்தனை முறை தன் மதிப்பெண்ணைப் பார்த்தது என்பதை ஐந்து வருடம் பத்திரப்படுத்தி வைக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

பெயரும் மாறும். ப்ரோமிதியஸோடு சேர்ந்து ஓடி ஒவ்வொரு சர்வரையும் அளக்கும் நோட் எக்ஸ்போர்ட்டர், 2018இல் தன் அளவுகள் பலவற்றின் பெயரை ஒரே பதிப்பில் மாற்றியது. அலகுகள் தெளிவாக இருக்க வேண்டும் என்ற நல்ல காரணத்துக்காகத்தான். ஆனால் புதுப் பெயரை வைத்துத் தேடினால் பழைய வருடங்கள் வரவில்லை. பதினைந்து நாள் வைத்திருப்பவருக்கு இது பதினைந்து நாள் தலைவலி. ஐந்து வருடம் வைத்திருப்பவர் இரண்டு பெயரையும் ஒட்டவைக்கும் ஒரு வரியை எங்காவது எழுதிவைத்திருக்க வேண்டும்.

ரிசல்ட் முடிந்த வாரமே நாங்கள் வேறோர் ஊரில் இருக்கும் டேட்டா சென்டரில் ஒரு சின்ன சர்வர் எடுத்து, ரிமோட் ரைட்டை அதை நோக்கித் திருப்பினோம். வேலை பெரிதில்லை, ஒரு மத்தியானம். எல்லாம் ஓடத் தொடங்கியதும் அந்த இளைஞர், இன்னும் அழியாமல் இருந்த பதினைந்து நாளையும் எடுத்துப் புது இடத்துக்கு ஏற்றினார். ரிசல்ட் நாள் அதற்குள் இருந்தது. பிறகு வரைபடத்தில் அன்றைய உச்சத்தின் மேல் ஒரு குறிப்பை ஒட்டினார். எண் மட்டும் இருந்தால் அடுத்து வருகிறவருக்குப் புரியாது சார் என்றார். அதில் வரும் பூலர் என்பது டேட்டாபேஸ் இணைப்புகளை வரிசைப்படுத்திப் பகிர்ந்து தரும் இடைநிரல். குறிப்பை அப்படியே தருகிறேன்: “காலை 10:00 ரிசல்ட் வெளியானது. 10:02 முதல் 10:22 வரை டேட்டாபேஸ் இணைப்பு 100இல் நின்றது. வெப் சர்வர் கூட்டியது தவறு. 10:20க்கு இடையில் பூலர் வைத்தோம், இரண்டு நிமிடத்தில் இறங்கியது. அடுத்த முறை முதல் நாளே வைக்கவும்.”